முப்பத்தொன்றுக்கு மாங்கன்று வாங்குறவையள் நாடாவை அவிழ்த்துப் பாருங்கோ

பிள்ளைக்கு முப்பத்தொன்று, அதாவது பிறந்து 31ஆம் நாள் செய்கிற சடங்கு, கழித்த கையோடு, பிள்ளையின் பேரில் வளவுக்குள் மாமரம் நடுகிற வீடுகள் யாழ்ப்பாணத்தில் இருக்கு. அனேகமாகக் கேட்பது கறுத்தக்கொழும்பான் என்ற மாம்பழ இனத்தின் ஒட்டுக்கன்று. ஏமாற்று நடப்பதும் அதில்தான்.

கோண்டாவிலில் ஒரு வீட்டுக்கு வாகனத்தில் கொண்டுவந்து, ஒட்டு விலைக்கே விற்ற கன்று. தண்டில் பொலித்தீன் நாடா வடிவாகச் சுற்றியிருந்தது. நட்ட பிறகு அவிழ்த்தால், உள்ளே கத்தியால் கீறின தழும்பு மட்டும்தான். வெறும் விதைக்கன்று! கேட்டதற்கு, "நட்ட கன்றுக்குப் பொறுப்பில்லை" என்று போனை வைத்துவிட்டார் வியாபாரி. நல்ல ஒட்டு 3, 4 வருசத்தில் காய்க்கும். விதைக்கன்று அதைப்போல இரண்டு மடங்கு இழுக்கும். எந்த மாங்கொட்டையில் முளைத்தது என்பது விற்றவருக்கே தெரியாது.

காசு கொடுக்க முதல் நாடாவை அவிழ்க்கச் சொல்லுங்கோ. ஆப்பு ஒட்டென்றால் (கிளையை ஆப்புப்போலச் சீவி, பிளந்த தண்டில் செருகுவது) தண்டின் இரண்டு பக்கமும் கூரான பொருத்து தெரியும், அந்த இடம் கொஞ்சம் தடித்திருக்கும். இலை முழுக்கப் பொருத்துக்கு மேலேதான் இருக்கவேணும். மேலே காய்ந்த குச்சி, கீழே செழித்த தளிர் என்றால் ஒட்டு பட்டுப்போய், அடியில் இருக்கிற விதைக்கன்று துளிர்த்திருக்கு. அதையும் ஒட்டென்றே விற்பினம். தண்டைப் பிடித்து மெல்லத் தூக்குங்கோ: பையும் சேர்ந்து வரவேணும். கன்று மட்டும் கழன்றால், அண்மையில் நிலத்தில் கிண்டிப் பையில் அடைத்தது, வேர் அறுந்திருக்கும்.

நடுகிற கிடங்கு 3 அடி நீளம், அகலம், ஆழம். சடங்குக்கு 2 கிழமை முதலே வெட்டி, மேல்மண்ணோடு உக்கின மாட்டெரு கலந்து மூடிவிடுங்கோ. பச்சை எரு சூடேற்றும், கறையானையும் கூப்பிடும். சுண்ணாம்புக்கல் தட்டுப்பட்டால் அலவாங்கால் உடைக்கவேணும். விட்டால் மாரியில் தண்ணி தேங்கி வேர் அழுகும். போட்டோ அவசரத்தில் பையோடேயே நட்டுவிடுகிற வீடுகளும் உண்டு. பையைக் கிழித்தெடுங்கோ, பொருத்து மண்ணுக்கு மேலே நிற்கட்டும். பால் வார்ப்பதென்றால் ஒரு கரண்டி போதும், மிச்சம் எறும்புக்குத்தான்.

முப்பத்தொன்று சித்திரையில் வந்தால் நிலத்தில் நடாதேங்கோ, கிணறு உவரென்றால் சொல்லவே வேண்டாம். பெரிய சாடியில் வைத்துச் சடங்கைச் செய்து, ஐப்பசி மழை விழ நிலத்துக்கு மாற்றலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விதைக்கன்றைப் பிடுங்கவேண்டாம். வேர் பிடித்த கன்றுதானே. தண்டு பென்சில் தடிப்பு வந்ததும், காய்க்கிற கறுத்தக்கொழும்பானில் கிளை எடுத்து, கைதேர்ந்த ஒருவரைக் கொண்டு நின்ற இடத்திலேயே ஒட்டலாம்.