டெக்கத்லானுக்கு எந்தக் கோல்: கிளாஸ் ஃபைபரா, கார்பனா?

இரண்டு நாளில் பத்துப் போட்டிகள் நடக்கும் டெக்கத்லானில் போல் வால்ட் (கோலூன்றித் தாண்டுதல்) எட்டாவது போட்டி, இரண்டாம் நாளில் வரும். அன்று காலையில்தான் 110 மீட்டர் ஹர்டில்ஸும் டிஸ்கஸும் முடிந்திருக்கும். முதல் நாள் மாலை ஓடிய 400 மீட்டரின் வலி தொடையில் அப்படியே இருக்கும். போல் வால்ட் மட்டும் ஆடுபவர் மெச்சும் கோலை அப்படியே வாங்கினால் இந்த இடத்தில்தான் உதைக்கும்.

கார்பன் கலந்த கோல் கைக்கு லேசு. ஓடும்போது முனை தாழாது, வளைந்தால் சட்டென்று நிமிரும். அந்த வேகமே சிக்கல். களைத்த உடம்பு தலைகீழாவதற்கு ஒரு கணம் தாமதித்தாலும் கோல் முந்திக்கொள்ளும். கால் மேலே போகுமுன் ஆளைத் தள்ளிவிடும். கிளாஸ் ஃபைபர் கனம்தான், ஆனால் நிதானமாக நிமிரும், சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். 5 மீட்டருக்குக் கீழ் தாண்டும் டெக்கத்லான் வீரருக்கு என் ஓட்டு கிளாஸுக்கே.

ஒற்றைக் கோல் வாங்குவது வீண், செட்டாகத்தான் வேண்டும். களைப்பில்லாத நாளில் 4.60 மீட்டர் நீளமுள்ள 84 கிலோ கோலில் (கிலோ என்பது கோலின் கனமல்ல, எத்தனை எடையுள்ள ஆளுக்கானது என்று அதில் எழுதிய எண்) தாண்டுபவர் அதே நீளத்தில் 77, 79, 82 கிலோவும், 4.45 மீட்டரில் 79 கிலோவும் வைத்திருக்கலாம். இரண்டாம் நாளில் பெரும்பாலும் கைக்கு வருவது 79 அல்லது 82தான். தன் உடல் எடைக்குக் கீழான எண்ணை மட்டும் தொட வேண்டாம். கோலில் எழுதிய கிலோ உச்சிப் பிடிக்குத்தான் பொருந்தும். பிடியை 15 செ.மீ. இறக்கினால் ஏறத்தாழ 5 கிலோ கூடிய கோல்போல விறைக்கும். ஓட்டம் மந்தமானதும் பிடியை இறக்கிச் சமாளிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். விறைத்த கோல் செங்குத்தாக வராமல் ஆளை ஓடுபாதைக்கே திருப்பி எறியும். மெத்தையில் விழுவதைப் போன்றதல்ல அது.

ஃபிளெக்ஸ் எண் என்பது கோலை இரண்டு தாங்கிகளில் கிடத்தி நடுவில் 22.7 கிலோவைத் தொங்கவிட்டால் அது எத்தனை செ.மீ. தாழ்கிறது என்பது. எண் குறைந்தால் விறைப்பு அதிகம். ஒரே நிறுவனத்தின் கோல்களுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். தாங்கிகளின் இடைவெளி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

மென்மையான கோலுக்கு இத்தனை வக்காலத்து ஏன்? டெக்கத்லானில் குறுக்குக்கம்பி 10 செ.மீ. வீதம் ஏறும். 4.90க்கு 880 புள்ளி, 5.00க்கு 910. அந்த 30 புள்ளியை 1500 மீட்டரில் ஈட்ட வேண்டுமானால் 4 நிமிடம் 30 நொடியில் ஓடுபவர் சுமார் நாலரை நொடி குறைக்க வேண்டும். முதல் உயரத்திலேயே மூன்று முயற்சிகளும் தவறினால் பூஜ்யம். அமெரிக்க டெக்கத்லான் வீரர் டான் ஓ'பிரையன் 1992இல் தம் நாட்டு ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் 4.80இல் தொடங்கி மூன்றையும் தவறவிட்டார். பார்சிலோனா ஒலிம்பிக் கைநழுவியது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரான்சின் தாலான்ஸில் 8,891 புள்ளியோடு உலக சாதனை! தொடக்க உயரத்துக்கென்று நம்பகமான ஒரு கோல் செட்டில் இருந்தே ஆக வேண்டும்.

குறை என்றால் பராமரிப்புதான். ஸ்பைக் கீறினாலோ கல்லில் மோதினாலோ அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். நகத்தால் வருடினால் பள்ளம் தட்டுகிறதா? கோலை ஒதுக்கிவிடுங்கள், அடுத்த வளைவில் அங்கேதான் முறியும். அடிமுனை ரப்பர் தேய்ந்தால் குழாயின் விளிம்பு, கோலை ஊன்றும் பெட்டியில் இடித்துப் பிளக்கும். பைக்குள் உபரி ரப்பர் இரண்டு கிடக்கட்டும்.