மங்கலதேவி கண்ணகி கோயில்: சித்திரா பௌர்ணமிக்குப் போகுமுன்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்கு விளிம்பில், தமிழக–கேரள எல்லை மேட்டில், சுமார் 1,337 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்தக் கோயில். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் வருவதால் ஆண்டுக்கு ஒரே நாள், சித்திரா பௌர்ணமியன்று மட்டும்தான் பொதுமக்களை விடுகிறார்கள். மேலே இருப்பது முழுக் கோயில் இல்லை, இடிபாடு. அதைத் தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கு அந்த ஒரு நாள் போதாது.

போக வழி இரண்டு. குமுளி பேருந்து நிலையம் அருகிலிருந்து ஜீப்பில் சுமார் 15 கிலோமீட்டர். அல்லது லோயர்கேம்பை அடுத்த பளியன்குடியிலிருந்து 6.6 கிலோமீட்டர் நடை. வயதானவர்களும் மூட்டுவலிக்காரர்களும் ஜீப்பில்தான் போக வேண்டும். அனுமதி பெற்ற வண்டிகளை மட்டுமே ஏற விடுவதால் எட்டு மணிக்கு மேல் வரிசை மளமளவென்று நீளும். இறங்கும்போதும் அதே காத்திருப்புதான், நிழல் இல்லாமல். ஜீப் ஏற்பாட்டில் பெரிய குறையே இதுதான்: வரிசையில் கழியும் நேரம், கல்லைப் பார்க்கும் நேரத்தைத் தின்றுவிடுகிறது.

நடக்க முடிந்தவர்கள் பளியன்குடிக்கே போங்கள். அன்றைக்குக் கம்பத்திலிருந்து சிறப்புப் பேருந்து உண்டு. ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருந்தால், நிதானமாக ஏறினாலும் மூன்று மணி நேரத்தில் மேலே போய்விடலாம். கீழ்ப்பாதியில் மர நிழல் கிடைக்கும். மேற்பாதி முழுக்கப் புல்வெளி, வெயில் நேராக மண்டையில் இறங்கும். தாமதமாகப் புறப்படுகிறவர்கள் பாதி வழியில் சோர்ந்து உட்கார்ந்துவிடுவது இதனால்தான். பொதுவாகப் பிற்பகல் இரண்டரைக்கு மேல் ஏற விடமாட்டார்கள். நேரத்தை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் கோடை மழை பிடித்தால் பாறை வழுக்கும், செருப்பு தாங்காது. தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர். பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

மேலே போனதும் தரிசன வரிசைக்கு ஓடாமல் முதலில் மதிலைச் சுற்றுங்கள். சாந்து பூசாமல் கருங்கல்லைக் கல்லோடு பொருத்தி எழுப்பிய சுவர். இணைப்புக்குள் வேர் புகுந்து நெம்பியதில் வரிசை வரிசையாகக் கல் நகர்ந்து நிற்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். தமிழ்க் கல்வெட்டுகளும் உண்டு. சாய்வெயில் படும் காலையில்தான் எழுத்து புடைத்துத் தெரியும், உச்சிவெயிலில் வெறும் கல்லாகிவிடும். இதுதான் சிலப்பதிகாரம் சொல்லும் கண்ணகி கோட்டம் என்று 1963இல் அடையாளம் காட்டியவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். அதைச் சொல்ல அங்கே ஒரு நல்ல தகவல் பலகை வைத்தால் எத்தனையோ பேர் விவரம் தெரிந்து திரும்புவார்கள். சரிந்த கற்கள்மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். ஒரு கல் அசைந்தாலும் மேல் வரிசை இறங்கிவிடும்.

கிழக்கு விளிம்பிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும்: முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் வயல்கள், கூடலூர், சுருளிப்பட்டிப் பக்கத்துத் திராட்சைப் பந்தல்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை ஒயினுக்கும் போகிறது, சாப்பிடவும் அருமை. இறங்கி வரும்போது தோட்டத்திலேயே வாங்குங்கள். காம்பு பச்சையாக, பழத்தில் இயற்கையான வெண்பூச்சு கலையாமல் இருக்கும் கொத்தாக எடுங்கள். தோல் மெல்லியது, பையில் அமுக்கினால் வெடித்துவிடும். அட்டைப்பெட்டியில் ஒற்றை அடுக்காக வைத்து, கழுவாமல் கொண்டுபோய், இரண்டு மூன்று நாளில் தின்று தீர்த்துவிடுங்கள்.