துறைமுகக் காவலருக்கு எந்த ஆங்கிலம்?

கப்பலில் ஏறி இறங்கும் பாலமான கேங்வேயிலும் துறைமுக வாயிலிலும் நிற்கும் பாதுகாவலருக்கு ஆங்கிலம் சொல்லித்தர மூன்று வழிகள் உண்டு. ஊர்தோறும் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஒன்று. கடலில் பேசுவதற்கென்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு வகுத்த எஸ்எம்சிபி (ஸ்டாண்டர்ட் மரைன் கம்யூனிகேஷன் ஃப்ரேசஸ்) என்ற நிலையான ஆங்கிலத் தொடர்கள் இன்னொன்று. செய்யும் வேலையிலிருந்தே பாடத்தை எடுப்பது மூன்றாவது.

ஸ்போக்கன் வகுப்பு கூச்சத்தைப் போக்கும், அது நல்லதுதான். ஆனால் பொழுதுபோக்கைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் பேசப் பழகியவர், பாஸ் இல்லாமல் வந்து நிற்கும் ஆளை மரியாதை குறையாமல் தடுக்கத் தெரியாமல் திணறுகிறார்.

எஸ்எம்சிபி 2001 நவம்பரில் ஏற்கப்பட்டது. 1990இல் ஸ்காண்டினேவியன் ஸ்டார் கப்பல் தீப்பிடித்து 159 பேர் இறந்தார்கள். அன்று பணியாளர்கள் தங்களுக்குள்ளும் பயணிகளோடும் பேசிப் புரிந்துகொள்ள முடியாமல் போனதும் உயிரிழப்பைக் கூட்டியது. அப்படிப்பட்ட குழப்பத்துக்கு இடம் தராத மொழி இது. கேள்வியா, எச்சரிக்கையா, உத்தரவா என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ என்று காது ஏமாறாமல் ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஸீரோ’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். அனுமதியா, வாய்ப்பா என்று மயங்கவைக்கும் ‘மே’ போன்ற சொற்களைத் தவிர்க்க வேண்டும். கொள்ளையர் தாக்கும்போது விஎச்எஃப் வானொலியில் சொல்ல வேண்டிய தொடர்களும் இதில் உண்டு. வானொலியைக் கையில் எடுப்பவருக்கு இதற்கு ஈடு கிடையாது. ஆனால் இது பெரும்பாலும் மாலுமிகளின் மொழி. பையைத் திறக்க மறுப்பவரிடம் என்ன பேசுவது என்பதற்கு இதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

அதனால்தான் வாயில் காவலருக்கு என் தேர்வு மூன்றாவது வழி. கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச விதித்தொகுப்பான ஐஎஸ்பிஎஸ் 2004 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடையாள அட்டை பார்ப்பது, பட்டியலோடு பெயரை ஒப்பிடுவது, பையைச் சோதிப்பது, தடை செய்த பகுதிக்குள் விடாமல் நிறுத்துவது என்று வேலை தெளிவாக இருக்கிறது. அச்சுறுத்தல் கூடி, பாதுகாப்பு நிலை ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏறினால் சோதனை கூடும், விளக்கிச் சொல்ல வேண்டியதும் கூடும். ஒரு ஷிஃப்டில் காவலர் பேசுவதையெல்லாம் எழுதி எடுத்தால் பாடப்புத்தகத்தில் பாதி கிடைத்துவிடும். மறுபாதி எதிரே நிற்பவரின் பேச்சு. ‘பாஸ் ஏஜென்ட்கிட்ட இருக்கு’, ‘அஞ்சே நிமிஷம்தான்’, ‘நேத்து விட்டீங்களே’ என்பதையெல்லாம் அவர் ஆங்கிலத்தில் சொல்வார். இதைப் பழக்காமல் காவலரின் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்யவைத்தால் முதல் மறுமொழியிலேயே பேச்சு நின்றுவிடும். இந்த வழிக்குச் செலவு அதிகம்: ஆசிரியர் துறைமுகத்துக்குள் போய் வேலையைப் பார்த்தாக வேண்டும்.

எந்த வழியில் போனாலும் பிரிட்டிஷ் உச்சரிப்பு ஒலிப்பதிவை மட்டும் போட்டுக் காட்டுவது வீண். வாயிலில் கேட்கப்போவது பிலிப்பினோ, சீனர், ரஷ்யர், இந்தோனேசியர் பேசும் ஆங்கிலம். அவர்களின் குரலில்தான் காது பழக வேண்டும்.

சம்பவ அறிக்கை எழுதுவதைப் பல பயிற்சிகள் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகின்றன. ‘சந்தேகத்துக்குரிய நபர்’ என்று எழுதினால் மேலதிகாரிக்கு ஒன்றும் விளங்காது. நீல ஓவராலில் ஒருவர், எத்தனை மணிக்கு, எந்தக் கதவருகே, கையில் என்ன, யாருக்குத் தகவல் போனது என்று கண்டதை மட்டும் எளிய இறந்தகால வாக்கியங்களில் எழுதப் பழக்க வேண்டும். அதை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடலாம்.