கப்பல் டிப்ஸ் என்று ஊரிலேயே ரொக்கம் கேட்டால் கொடுக்காதீர்கள்

கடலூர், புதுச்சேரி பக்கமிருந்து குரூஸ் பயணத்துக்குப் பதிவு செய்கிறவர்கள் கவனத்துக்கு. டிக்கெட் பணம் தவிர "கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ்" என்று டிராவல்ஸ்காரர் தனியாகக் கேட்டால், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் குடும்பத்தில் மட்டும் 22,000 ரூபாய் போயிருக்கிறது. எங்களோடு வந்த குழுவில் எல்லாரிடமும் இந்த வசூல் நடந்திருக்கிறது.

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்கும் நான்கு இரவுப் பயணம். நான், கணவர், மகன், அம்மா என நான்கு பேர். பாண்டியில் எப்போதும் கூட்டமாக இருக்கும் ஒரு டிராவல்ஸில் பதிவு செய்தோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் அதன் பெயரை இப்போது எழுதவில்லை. கப்பலின் பெயரையும் எழுதப் போவதில்லை. அதற்குக் காரணம் வேறு, பின்னால் வரும்.

பணம் கட்டும் முன்பே நான் கேட்ட கேள்வி இதுதான்: கப்பலில் டிப்ஸ் தனியாகப் பிடிப்பார்களாமே, அது இந்தத் தொகையில் சேர்ந்திருக்கிறதா? உரிமையாளரே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். "இல்ல மேடம், அது தனி. தலைக்கு 5,500. இங்கேயே கட்டிட்டீங்கன்னா கப்பல்ல ஒரு பைசா எடுக்க வேண்டாம். சின்னப் பையனுக்கும் உண்டு. அது கம்பெனி ரூல்." ஜிபே வேண்டாம், ரொக்கமாகக் கொடுங்கள் என்றார். கணவர் பாண்டிக்குப் போய்க் கொடுத்துவிட்டு, விடாப்பிடியாக ரசீதும் கேட்டு வாங்கி வந்தார். அதில் கையெழுத்தில் "குரூஸ் டிப்ஸ், 4 பேர், 22,000" என்று இருக்கிறது. இன்றைக்கு எங்கள் கையில் உள்ள பெரிய ஆதாரம் அந்தத் துண்டுச் சீட்டுதான்.

இந்த டிப்ஸ் விவகாரம் எப்படி நடக்கிறது என்பதைச் சொன்னால்தான் ஏமாற்று எங்கே இருக்கிறது என்பது புரியும். பெரிய குரூஸ் கம்பெனிகள் பலவற்றில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று டிப்ஸ் தொகையைத் தானாகவே நம் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். அமெரிக்கக் கம்பெனிகளின் சாதாரண அறைகளுக்கு இது ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை இருக்கும். சூட் அறை என்றால் இன்னும் கூடும். பல கப்பல்களில் குழந்தைக்கும் முழுத் தொகைதான். அந்தப் பணம் அறையைச் சுத்தம் செய்பவர், சாப்பாட்டு மேசையில் பரிமாறுபவர், அவருடைய உதவியாளர், நம் கண்ணில் படாமல் பின்னால் வேலை செய்பவர்கள் எனப் பிரிந்து போகும். விலை மிக அதிகமான சில சொகுசுக் கப்பல்களில் இது டிக்கெட்டிலேயே அடங்கிவிடும். மற்றவற்றில் முன்கூட்டியே கட்டலாம், இல்லையென்றால் கப்பலில் நாம் பதிந்துவைத்த கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

ஆக, முன்கூட்டியே கட்டும் வசதி உண்மையிலேயே இருக்கிறது. அந்த ஆள் சொன்னதில் பொய் அங்கே இல்லை. ஆனால் முன்கூட்டியே கட்டினால் அது கப்பல் கம்பெனி அனுப்பும் பதிவு உறுதிச் சீட்டில் "ப்ரீபெய்டு கிராஜுட்டி" (முன்பே கட்டிய டிப்ஸ்) என்று தனி வரியாக வரும். எங்களுக்குக் கொடுத்தது டிராவல்ஸின் சொந்த வவுச்சர் மட்டும். கம்பெனியின் சீட்டைப் பலமுறை கேட்டோம். "குரூப் புக்கிங் மேடம், தனித்தனியா வராது" என்றே பதில் வந்தது.

கப்பலில் ஏறிய இரண்டாம் நாள் அறையின் டிவியில் எங்கள் கணக்கைத் திறந்து பார்த்தேன். ஆளுக்கு 18 டாலர் ஏறியிருந்தது. அடுத்த நாள் இன்னொரு 18. நான்கு பேருக்கு நான்கு இரவு என்றால் 288 டாலர், ரூபாயில் 25,000-ஐத் தாண்டும். அதற்கு மேல் நம் ஊர்க் கார்டில் வெளிநாட்டுப் பணமாற்றுக் கட்டணம் வேறு.

வரவேற்பு மேசைக்குப் போய் ரசீதைக் காட்டினேன். அங்கிருந்த பெண் பொறுமையாகக் கணினியில் தேடி, எங்கள் பதிவில் மட்டுமல்ல, அந்தக் குழுவின் எந்த அறைக்குமே டிப்ஸ் முன்பணம் வரவில்லை என்றார். திரையைத் திருப்பியும் காட்டினார். அந்தப் பக்கத்தை அச்சடித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலைக்குள் செய்தி குழு முழுக்கப் பரவிவிட்டது. அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம். இந்தத் தானியங்கி டிப்ஸைக் குறைக்கவோ நீக்கவோ பெரும்பாலான கப்பல்களில் பயணிக்கு உரிமை உண்டு. மேசையில் போய்ச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். "நாமதான் ஊர்லயே கட்டிட்டோமே, ரெண்டு தடவை எதுக்குக் கட்டணும்" என்று ஒருவர் ஆரம்பித்தார். வரிசையாகப் பல குடும்பங்கள் போய் நீக்கச் சொல்லிவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. மூன்று பேர், நான்கு பேர் என்று குடும்பமாக, சேர்த்து வைத்த பணத்தில் வந்தவர்கள், ஏற்கெனவே ஒரு தொகையைக் கட்டியவர்கள். ஆனால் பாண்டியில் ஒருவர் பையில் போட்டுக்கொண்ட பணத்துக்காக, கடலில் எங்கள் படுக்கையை மடித்துக்கொண்டிருந்தவர்களின் வருமானம் குறைந்தது. ஏமாந்தவர்கள் நாங்கள் மட்டும் என்று நான் எழுதினால் அது சரியல்ல.

காலை உணவுப் பகுதியில் வேலை செய்த ஒரு தம்பி விருத்தாசலம் பக்கத்துக்காரர். அம்மாவுக்கு இட்லி இல்லாத கப்பலில் தயிர்சாதத்துக்கு வழி பண்ணிக் கொடுத்தவர். தமிழில் பேச ஆள் கிடைத்ததே என்று அம்மா அவரை விடவே இல்லை. அவர் சொன்ன விவரங்களை அப்படியே எழுதினால் அவருக்குத் தொல்லை வரும். கப்பலின் பெயரை நான் சொல்லாததற்குக் காரணம் அதுதான். பொதுவாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். இந்த வேலைகளில் ஒப்பந்தம் பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாதம். அந்தக் காலம் முழுக்க வாராந்திர விடுமுறை என்று ஒரு முழுநாள் கிடைப்பது அரிது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்கிறது. 2015-இல் இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. மீதி நேரத்தில் அவர்கள் எவ்வளவு நிற்கிறார்கள் என்பதைக் கப்பலில் நீங்களே பார்க்கலாம். "டிப்ஸ்னு வர்றது எங்களுக்கு உபரி இல்லக்கா, சம்பளத்துல ஒரு பங்கு மாதிரி" என்று மட்டும் அந்தத் தம்பி சொன்னார்.

நாங்கள் எங்கள் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லவில்லை. 288 டாலரும் கட்டினோம். டிராவல்ஸிடம் கேட்க வேண்டியதை டிராவல்ஸிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று கணவரும் நானும் முடிவு செய்தோம்.

கடைசி இரவு இன்னொரு வசூல். எங்களோடு அனுப்பப்பட்டிருந்த டூர் மேனேஜர் உறை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மேசை மேசையாக வந்தார். ரூம் பாய்க்கும் வெயிட்டருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம், தலைக்கு 10 டாலர் என்றார். "நாங்களே நேரில் கொடுத்துக்கொள்கிறோம்" என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "குரூப்ல எல்லாரும் குடுக்கறாங்க மேடம், நீங்க மட்டும்..." என்று இழுத்தார். பலர் கூச்சத்தில் கொடுத்தார்கள். மறுநாள் காலை விடைபெறும்போது எங்கள் மேசையில் பரிமாறிய இருவரையும் கேட்டேன். குழுவிலிருந்து உறை எதுவும் தங்களிடம் வரவில்லை என்றார்கள். அந்த உறை எங்கே போனது என்று மேனேஜரிடம் கேட்டதற்கு, "மேலிடத்துல குடுத்தாச்சு" என்றார். கப்பலில் எந்த மேலிடம் என்று கடைசிவரை சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் பாண்டி அலுவலகத்துக்குப் போனோம். முதலில், அது கப்பல் டிப்ஸே இல்லை, சிங்கப்பூர் பஸ் டிரைவருக்கும் கைடுக்கும் கொடுத்தது என்றார்கள். ரசீதில் "குரூஸ் டிப்ஸ்" என்று அவர்கள் கையெழுத்திலேயே இருப்பதைக் காட்டினோம். சிங்கப்பூரிலோ டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே பெரிதாகக் கிடையாது. உணவகங்களில் 10 சதவீத சேவைக் கட்டணத்தைப் பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள். ஒன்றரை நாள் ஓடிய ஒரு பஸ்ஸுக்குத் தலைக்கு 5,500 என்றால் யார் நம்புவது? அடுத்ததாக, கம்பெனி கணக்கில் ஏறத் தாமதமாகியிருக்கும் என்றார்கள். குரல் பதிவைப் போட்டுக் காட்டியதும் குரல் இறங்கியது. பாதிப் பணம் தருகிறோம், வாட்ஸ்அப் குழுவில் எதுவும் போடாதீர்கள் என்றார்கள். மறுத்துவிட்டோம். கிளம்பும்போது உரிமையாளர் சொன்னது: "கேஸ் போட்டா பாண்டிக்குத்தான் அலையணும் சார், யோசிச்சுக்கங்க."

அது பொய். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலுள்ள மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். டிராவல்ஸ் புதுச்சேரியில் இருந்தாலும் கடலூர்க்காரர் கடலூரில் போடலாம். முள்ளோடை எல்லையைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு சட்டம் என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம். சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, நாமே வாதாடலாம். இணையத்தில் ஈ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் பதியலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் புகார் எண் வாங்கி வைத்துக்கொள்ளலாம். நாங்கள் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸும் அனுப்பியிருக்கிறோம். பதில் வராவிட்டால் அடுத்தது ஆணையம்.

இனி போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பதிவு செய்ததும் கப்பல் கம்பெனியின் பதிவு எண்ணை வாங்குங்கள். டிராவல்ஸின் வவுச்சர் எண் வேறு, இது வேறு. அந்த எண்ணைக் கம்பெனியின் செயலியில் போட்டால் உங்கள் பெயர், அறை, கட்டிய தொகை பெரும்பாலும் அங்கேயே தெரியும். டிப்ஸ் முன்பணம் கட்ட விரும்பினால் அந்தச் செயலியிலோ தளத்திலோ நீங்களே கார்டில் கட்டிவிடுங்கள். பதிவு எண்ணைத் தர மறுக்கிற ஏஜென்டிடம் ரூபாய் கொடுக்காமல் எழுந்து வந்துவிடலாம், அவ்வளவு தெளிவான அடையாளம் அது. கப்பலில் ஏறியதிலிருந்து தினமும் கணக்கைப் பாருங்கள். தவறு இருந்தால் கடைசி நாளுக்கு முன்பே வரவேற்பு மேசையில் பேசிவிடுங்கள். கடைசிக் காலையில் வரிசை நீளமாக இருக்கும், இறங்கிய பிறகு பேசுவது இன்னும் கஷ்டம்.

மதுக்கூடத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. பானத்தின் விலையோடு 18 அல்லது 20 சதவீதம் டிப்ஸ் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். கையெழுத்துப் போடும் சீட்டில் கூடுதல் டிப்ஸ் என்று இன்னொரு காலியிடம் விட்டிருப்பார்கள். எங்கள் குழுவில் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு முறையும் அதில் 5 டாலர் எழுதிக்கொண்டிருந்தார், கட்டாயம் என்று நினைத்து. காலியாக விடலாம், தப்பில்லை. இந்திய கார்டில் கட்டும்போது ரூபாயா டாலரா என்று கேட்டால், கப்பலின் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைக்கும் மாற்று விலை பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

எவ்வளவு கொடுப்பது என்று கேட்டால் என் கருத்து: தானாக ஏறும் தொகையை அப்படியே விட்டுவிடுங்கள். பயணச் செலவைத் திட்டமிடும்போதே அதையும் டிக்கெட் விலையின் ஒரு பகுதியாக வைத்துக் கணக்குப் போடுங்கள். நால்வர் குடும்பத்துக்கு நான்கு இரவுக்கு 25,000 என்பது சின்னத் தொகை இல்லை. அது முடியாது என்றால் ஒரு இரவு குறைவாகப் போவது நல்லது, ஊழியர் பங்கில் கை வைப்பதைவிட. அதற்கு மேல் கொடுப்பது உங்கள் விருப்பம். எங்கள் அறையைப் பார்த்துக்கொண்டவருக்கு 20 டாலரும், அம்மாவுக்கு உதவிய தம்பிக்கு 20 டாலரும் நேரில் கையில் கொடுத்தோம். அந்தத் தம்பி வாங்கத் தயங்கினார், அம்மா விடவில்லை. அதிகாரிகளுக்கும் கேப்டனுக்கும் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் கிடையாது. ஒருவருடைய பெயரைக் குறிப்பிட்டுக் கருத்துப் படிவத்தில் நல்லபடியாக நாலு வரி எழுதினால் அதுவும் அவர்களுக்கு உதவும். எங்கள் குழுவில் அதை எழுதியவர்கள் குறைவு. கூடுதல் டிப்ஸ் கொடுப்பதாக இருந்தால் நடுவில் யாரையும் விடாதீர்கள்.

எங்களோடு அந்தக் கப்பலில் வந்தவர்கள், அதே டிராவல்ஸில் இதற்கு முன் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். குரல் பதிவுகளை வேறு ஒரு இடத்திலும் சேமித்து வையுங்கள். கப்பலில் கொடுத்த இறுதிக் கணக்குச் சீட்டு மின்னஞ்சலில் இருக்கும், அதைத் தேடி எடுங்கள். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. தனித்தனியாகக் கொடுப்பதைவிட ஒரே மாதிரிப் பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து கொடுத்தால் வலு அதிகம். எனக்குத் தகவல் அனுப்புங்கள். நோட்டீஸ் மாதிரியை அனுப்பிவைக்கிறேன்.