பண்டைய கொரிந்து அரைநாள் சுற்றுலா: அப்பொல்லோவைத் தேடிச் செல்பவர்களுக்கு

ஏதென்ஸிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பண்டைய கொரிந்துவுக்கு, ஒரு தனியார் நிறுவனத்தின் அரைநாள் சுற்றுலாவில் சென்று வந்தேன். பெரும்பாலோர் கிறிஸ்தவ அப்போஸ்தலர் பவுலின் சுவடுகளைக் காணவே இங்கே வருகிறார்கள். நான் சென்றதோ, புதிய ஏற்பாட்டு நூலான அப்போஸ்தலர் நடபடிகளின் 18ஆம் அதிகாரம் “சாதுரியவானும் வேதாகமங்களில் வல்லவனுமான” என்று அறிமுகப்படுத்தும் அலெக்சந்திரியா யூதர் அப்பொல்லோவுக்காக. அந்த நோக்கத்துக்கு இடம் முற்றிலும் தகுதியானது. சுற்றுலாவின் கால ஒதுக்கீடுதான் போதாது.

வளாகத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது அப்பொல்லோ கோயிலின் ஏழு தூண்கள். கிரேக்கத் தெய்வத்தின் பெயரையும் இந்தப் பிரசங்கியாரின் பெயரையும் தமிழில் நாம் ஒன்றுபோலவே எழுதுவதால், என்னுடன் வந்த தமிழர் ஒருவர் அது அவருக்காகக் கட்டிய ஆலயம் என்றே எண்ணிவிட்டார். அது கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கோயில் என்பதை வழிகாட்டி பொறுமையாக விளக்கினார். ஆனாலும், அந்தத் தெய்வத்தின் பெயரிலிருந்தே வந்த ஒரு பெயரைத் தாங்கிய யூதர் ஒருவர், அதே தூண்கள் தெரியும் நகரத்தில் நின்று இயேசுவே கிறிஸ்து என்று வேதவாக்கியங்களைக்கொண்டு வாதாடினார் என்பதை நினைத்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

சந்தை வெளியின் நடுவிலுள்ள நியாயாசன மேடையில், ரோம ஆளுநர் கல்லியோன் முன் பவுல் நிறுத்தப்பட்ட நிகழ்ச்சியை வழிகாட்டி நன்றாகவே விவரித்தார். அப்பொல்லோவைப் பற்றி அவராகச் சொல்லவில்லை. அறிவிப்புப் பலகைகளிலும் அந்தப் பெயர் என் கண்ணில் படவில்லை. நான் கேட்ட பிறகு, யோவான் ஸ்நானகனுடைய ஸ்நானத்தை மாத்திரம் அறிந்திருந்த அப்பொல்லோவை எபேசுவில் கிறிஸ்தவத் தம்பதியரான ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விளக்கியதையும், பின்பு எபேசு சகோதரர் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு அவர் கிரேக்கத்துக்கு வந்ததையும் தெளிவாகச் சொன்னார். இவ்வளவு அறிந்த ஒருவர், கேட்டால் மட்டுமே சொல்வது வருத்தத்துக்குரியது.

என் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்தது பெய்ரேனே ஊற்று. ஆறு வளைவுகள் கொண்ட முகப்புக்குப் பின்னே, இருட்டான கல் அறைகளின் ஈர வாசனை மேலேறி வந்தது; சற்று அமைதியாக நின்றால் உள்ளே நீரின் ஓசை கேட்கிறது. “நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்” என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தில் (கடிதத்தில்) வரும் வசனத்தை அங்கே நின்று வாசித்தேன். ஊற்று நீரைக் குடித்து வாழ்ந்த நகரத்தாருக்கு அந்த உவமை எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும்! “நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்” என்று கட்சி கட்டியவர்களுக்கு எழுதப்பட்ட சொற்கள் அவை. பவுல் மிகவும் வேண்டிக்கொண்டும், அப்பொல்லோ அப்போது கொரிந்துவுக்குத் திரும்ப மனமில்லாதிருந்தார் என்று அதே நிருபத்தின் 16ஆம் அதிகாரம் கூறுகிறது. தம் பெயரால் பிளவு வளரக்கூடாது என்று அவர் விலகி நின்றிருக்கலாம் என்பது என் எண்ணம்.

குறை முழுவதும் அருங்காட்சியகத்தில்தான். 1898இல் லெக்காயோன் சாலையருகே கிடைத்த, “எபிரெயரின் ஜெப ஆலயம்” என்பதைக் குறிக்கும் உடைந்த கல் விட்டம் இங்கே இருக்கிறது. எழுத்துகள் கோணல்மாணலாக, இரு முனைகளும் சிதைந்த நிலையில் உள்ளன. அப்பொல்லோவின் காலத்துக்குப் பிந்தையது எனக் கருதப்பட்டாலும், அவர் வாதாடிய யூதச் சமூகம் இவ்வூரில் பின்னரும் வாழ்ந்ததற்கு அதுவே கண்கூடான சாட்சி. அந்தக் கல்லின் முன் இரண்டு நிமிடங்கள்கூட நிற்க முடியவில்லை; கொரிந்து கால்வாயிலும் ஒரு மட்பாண்டக் கடையிலும் செலவான நேரத்தை ஈடுகட்ட, எங்களை 20 நிமிடங்களில் வெளியே அழைத்துவிட்டார்கள்.

வேதபாட வகுப்பு நடத்துபவர்களும் போதகர்களும் குழுவோடு செல்லாமல் தனியாகச் செல்வதையே பரிந்துரைக்கிறேன். வளாகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் ஒரே நுழைவுச்சீட்டு போதும். மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். நிழல் குறைவு என்பதால் தொப்பியும் தண்ணீரும் அவசியம். கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் முதல் நான்கு அதிகாரங்களை முந்தின இரவே வாசித்துவிட்டு, காலையில் நேராக ஊற்றுக்குச் செல்லுங்கள்.