பாலாற்றங்கரைக் கிணறு: லிபர்டேரியனா, ஆப்ஜெக்டிவிஸ்டா?

தனிமனித சுதந்திரமே பெரிது, அரசு தலையிடக் கூடாது என்பவர்கள் லிபர்டேரியன்கள். எழுத்தாளர் அயன் ராண்டின் தத்துவத்தைப் பின்பற்றுபவர்கள் ஆப்ஜெக்டிவிஸ்ட்கள். வரி என்றால் இரு தரப்புக்கும் வேம்பு. சொத்துரிமை என்றால் கரும்பு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான். ஆனாலும் ராண்ட் 1971-இல் லிபர்டேரியன்களை ‘வலதுசாரி ஹிப்பிகள்’ என்று ஏசினார். எதற்கு இந்தச் சண்டை? பழைய வட ஆற்காட்டில் ஒரு கிணற்றை வைத்துப் பார்ப்போம்.

கிணற்றுக்கு மேற்கே வரிசையாகத் தோல் கம்பெனிகள். பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பு போட்டுத்தான் வரும். ஊறவைத்து அலசும்போது அந்த உப்பெல்லாம் கழிவுநீரில் போய்விடும். அடுத்து தோல் பதனிடும் குரோமியம். பாலாற்றில் தண்ணீர் ஓடாவிட்டாலும் மணலுக்கடியில் ஊற்று நகரும், கிணறு உப்புக்கரிக்கும். விவசாயி யாரிடம் போவது?

அமெரிக்கப் பொருளியலாளர் முர்ரே ராத்பார்ட் வழி லிபர்டேரியன் சொல்வது: அவரவர் உடலும் உழைத்துச் சேர்த்த சொத்தும் அவரவருக்கே, யார் மீதும் முதலில் கை வைக்கக் கூடாது. உன் கழிவு என் நிலத்துக்குள் வந்தால் அது அத்துமீறல், வழக்குப் போடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1982-இல் மாசு பற்றி எழுதியபோது அவர் கேட்ட ஆதாரம் கடுமையானது: இந்த ஆலைதான் இந்தச் சேதத்தைச் செய்தது என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். நீ வருமுன்பே ஆலை கழிவு விட்டுக்கொண்டிருந்தால் அந்த உரிமை ஆலைக்கே. இடிப்பது இங்கேதான். எல்லாக் கம்பெனி உப்பும் ஒரே உப்பு. கிணற்றில் கரிப்பது எவர் தொட்டியிலிருந்து வந்தது என்று எந்த ஆய்வகம் பிரித்துச் சொல்லும்?

ராண்டுக்கு உரிமை தொடக்கப்புள்ளி அல்ல. மனிதன் பகுத்தறிவால் பிழைப்பவன். தன் வாழ்வே அவனுக்கு அளவுகோல். அப்படி வாழச் செயல் சுதந்திரம் தேவை, அதற்குப் பெயர்தான் உரிமை. அறநெறி அடித்தளம் போடாமல் ‘கை வைக்காதே’ என்று ஆரம்பிப்பது கூரையிலிருந்து வீடு கட்டுவது என்பது ஆப்ஜெக்டிவிஸ்ட்களின் குற்றச்சாட்டு. ராத்பார்ட்டுக்கு அது முழுக்கப் பொருந்தாது. இயற்கைச் சட்டத்தை, அதாவது மனித இயல்பிலிருந்தே பிறக்கும் அறநெறியை, அடியில் வைத்தவர் அவர். மாசு விஷயத்தில் ராண்ட் கொஞ்சம் இளகுகிறார்: தனி ஆள் செய்த தீங்கென்றால் நிரூபித்தால் பொறுப்பு, பலர் சேர்ந்து உண்டாக்கும் நிலை என்றால் புறவயமான சட்டம் வகுக்கலாம். நம் கிணற்றுக்கு இதுதான் பொருந்துகிறது.

1996-இல் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்கும் ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது. யார் எவ்வளவு கெடுத்தார் என்று பிரிக்காத தட்டையான தொகை. ராத்பார்ட் இதை ஒப்ப மாட்டார். அந்தத் தீர்ப்பு ஏற்ற கொள்கைகளில் ராண்டுக்கும் ‘மாசு செய்தவர் செலுத்துக’ பாதி பிடிக்கும். கெடுதல் நிரூபணமாகுமுன்பே தடுக்கும் முன்னெச்சரிக்கைக் கொள்கை தொண்டையில் சிக்கும்.

சட்டம் வகுப்பவர் யார்? ராண்டுக்கு ஒரே அரசு. ராத்பார்ட்டுக்குப் போட்டி போடும் தனியார் நீதிமன்றங்கள். தத்துவவாதி ராபர்ட் நோசிக் போன்ற லிபர்டேரியன்கள் சிறிய அரசோடு நிற்பவர்கள். 1969-இல் லிபர்டேரியன் எழுத்தாளர் ராய் சைல்ட்ஸ் ராண்டுக்கே கடிதம் எழுதினார்: போட்டி நீதிமன்றத்தை உன் அரசு பலத்தால் தடுத்தால் முதலில் கை வைப்பது யார்? அந்தக் கேள்வி கூர்மையானது. ஆனால் ஆம்பூர் ஆலைக்கு ஒரு நீதிமன்றம், கீழ்க்கரை விவசாயிக்கு வேறொன்று என்றால், ஊற்று எந்தத் தீர்ப்பைக் கேட்டு நகரும்?

அந்த அரசுக்குப் பணம்? வரி கூடாது என்பதால், ஒப்பந்தங்களுக்கு நீதிமன்றப் பாதுகாப்பு வேண்டுபவர் கட்டணம் கட்டலாம் என்று ராண்ட் ஒரு வழி சொன்னார். தோல் வியாபாரி கட்டுவார். கிணற்றுக்காரருக்கு ஒப்பந்தமே இல்லை. வியாபாரி கட்டிய பணத்தில் நடக்கும் நீதிமன்றத்தில்தான் அதே வியாபாரி மீது அவர் வழக்குப் போட வேண்டியிருக்கும்.