நாலு தெரு தள்ளி ஒரு ஒன்றியப் பள்ளி: ரெண்டு வருச அனுபவம்

பொண்ணை யூகேஜி வரைக்கும் வேன் வர்ற பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்பினோம். வேன் காசோட சேர்த்து வருசம் 38,000. நான் திருப்பூர்ல பவர் டேபிள் டெய்லர், பீஸ் ரேட். ஆர்டர் படுத்த வருசம் ஃபீஸ் கட்ட முடியாமத்தான் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில ஒன்னாவது சேர்த்தேன். கொள்கை கிள்கை எதுவும் இல்லை, முதல்லயே சொல்லிடறேன். இப்ப மூணாவது படிக்கிறா.

சாப்பாடு நல்லா இருக்கு. 2023 ஆகஸ்ட்லேருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் காலை உணவு உண்டு. நானும் வீட்டுக்காரியும் எட்டரைக்குக் கம்பெனியில இருக்கணும். காலையில அடுப்படியில நடக்கிற சண்டை நின்னுபோச்சு. புதன்கிழமைப் பொங்கலுக்கு ஓடுவா, உப்புமா நாளில் மூஞ்சி தொங்கும்.

பாடத்தைப் பத்தி எனக்குப் பயம் இருந்துச்சு. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துல பிள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு, அவங்கவங்க நிலைக்குத் தக்கபடி சொல்லித்தர்றாங்க. என் பொண்ணுக்குப் பக்கத்துல உக்கார்ற பையன் பீகார்க்காரன், அப்பா சாயப்பட்டறையில வேலை. வந்தப்ப ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. போன மாசம் அவங்கம்மா ஆரம்ப சுகாதார நிலையத்துல வாங்கின மாத்திரைக் கவரோட எங்க வாசல்ல வந்து நின்னாங்க. காலை, இரவு, சாப்பிட்ட பின்னு பையன்தான் எழுத்துக் கூட்டிப் படிச்சு, அம்மாவுக்கு இந்தியில சொன்னான். ‘பின்’னை ‘பிண்’ணுன்னு சொன்னதுக்கு என் பொண்ணு டீச்சர் கணக்கா அதட்டினா. வேன் பள்ளிக்கூடத்துல இவங்க ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்கார வாய்ப்பே இல்லை.

இனி குறை. அஞ்சு வகுப்புக்கு ரெண்டே டீச்சர். இங்கிலீஷ் பேசறது சுமார்தான். ஆனா பெரிய குறை கக்கூஸ். மோட்டார் எரிஞ்சு தண்ணி வரலை; பொண்ணு வீட்டுக்கு வர்ற வரைக்கும் அடக்கிட்டு இருந்தா. கேட்டா, எழுதிக் கொடுத்திருக்குன்னாங்க. பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒன்னு இருக்கு, அதுல முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது. கூட்டத்துக்குப் போனேன், அரை நாள் கூலி போச்சு. வந்தது ஆறு பேர். ஆபீசுக்குப் போய் மேஜையைத் தட்டிக் கேக்கத் தெரிஞ்சவங்க பிள்ளைங்க எல்லாம் மஞ்சள் வேன்ல போயிடுச்சு. அப்புறம் யாருக்குப் பயந்து மோட்டாரை மாத்துவாங்க? நாங்க ஆறு பேரும் ரெண்டு தடவை ஒன்றிய அலுவலகத்துக்கு அலைஞ்சோம். ஒன்றரை மாசத்துல தண்ணி வந்துச்சு.

எங்க தெருவுல சிலர் ஆறாவது வரும்போது அரசுப் பள்ளிக்கு மாத்திக்கலாம்னு கணக்குப் போடறாங்க. ஆறுலேருந்து பன்னெண்டு வரைக்கும் படிச்சாப் போதும், மருத்துவ சீட்டுல 7.5 சதவீத ஒதுக்கீடு, பொண்ணுங்களுக்குக் காலேஜ்ல மாசம் 1,000 ரூபா. தப்பில்லை, வரட்டும். ஆனா ஒன்னாவதுலயே வந்திருந்தா இன்னொரு டீச்சர் வேணும்னாச்சும் சண்டை போட்டிருக்கலாம்.

அஞ்சுக்கு மூணரை ஸ்டார். சேர்க்கிறவங்க கூட்டத்துக்கும் வாங்க, தண்ணி டேங்குக்கு இன்னும் மூடி போடலை.